டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர்களின் விதியறிவை எப்படிச் சோதிப்பது?

உங்கள் கேள்வியின் சாரம் இது: ஆறு பேர் கொண்ட குழுவுக்கு, பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் கதையாட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தப்போகிறீர்கள், அவர்களில் இருவர் மூன்றாம் பதிப்புக் காலத்திலிருந்தே ஆடுபவர்கள், இருவர் ஐந்தாம் பதிப்பில் மட்டும் பழகியவர்கள், இருவர் முற்றிலும் புதியவர்கள், நீண்ட கதை ஒன்றைத் தொடங்குமுன் யாருக்கு எந்த அளவு விதி தெரியும் என்று தேர்வு வைத்துப் பார்க்கலாமா, வைத்தால் கேள்விகளை எப்படி அமைப்பது? வைக்கலாம் என்பதே என் பதில். ஆனால் அந்தத் தேர்வு யாருடைய நினைவாற்றல் பெரிது என்று காட்டுவதற்காக இருக்கக் கூடாது. ஆட்டத்தின் நடுவில் எந்த இடத்தில் பேச்சு நின்று புத்தகத்தைப் புரட்ட வேண்டிவரும் என்பதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதுதான் அதன் வேலை. இந்த நோக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், எதைக் கேட்பது, எதை விடுவது, விடைகளை வைத்து என்ன செய்வது ஆகிய மூன்றுக்கும் வழி கிடைத்துவிடும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த நூலின் விதி என்பது. ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் நூலான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2014-இல் வந்தது. அதன் திருத்திய வடிவம் 2024-இல் வந்தது. இரண்டையும் ஐந்தாம் பதிப்பு என்றே பலரும் குறிப்பிடுவதால், ஆண்டைச் சொல்லாமல் கேட்கப்படும் கேள்விக்கு இரண்டு சரியான விடைகள் இருந்துவிடக்கூடும். மருந்துக் குப்பியைக் குடிக்க 2014 நூலின்படி, ஒருவர் தம் முறை (டர்ன்) வரும்போது செய்யும் முதன்மைச் செயலான ஒரு முழு ஆக்‌ஷன் செலவாகும். 2024 நூலின்படி அதே முறையில் கூடுதலாகச் செய்யும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். எதிரியைப் பிடித்து நிறுத்தும் கிராப்பிளுக்கு 2014-இல் இருவரும் பகடை உருட்டிப் போட்டியிட வேண்டும். 2024-இல் பிடிபடுபவர் மட்டும் ஸ்ட்ரெங்த் (வலிமை) அல்லது டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சார்ந்த சேவிங் த்ரோவை, அதாவது விளைவிலிருந்து தப்புவதற்கான பகடையை, உருட்டுகிறார். எதிர்பாராத தாக்குதலில் சிக்கியவர் 2014 விதியில் தம் முதல் முறையில் நகரவோ செயல்படவோ முடியாது. 2024 விதியில் அவருக்கு, யார் முதலில் ஆடுவது என்று தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் உருட்டலில் டிஸ்அட்வான்டேஜ் (இரு பகடை உருட்டிக் குறைந்ததை எடுத்தல்) மட்டுமே. களைப்பு நிலைகளுக்கும் இதே கதிதான்: பழைய நூலில் ஆறு நிலைகளுக்கும் ஆறு வெவ்வேறு விளைவுகள், புதிய நூலில் ஒவ்வொரு நிலைக்கும் இருபதுமுகப் பகடை உருட்டலில் 2 குறைவு, வேகத்தில் 5 அடி குறைவு. ஆகவே வினாத்தாளின் தலைப்பிலேயே நூலின் ஆண்டைப் போட்டுவிடுங்கள். இரண்டு நூல்களையும் கலந்து ஆடும் குழு என்றால், எந்தப் பகுதிக்கு எந்த நூல் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்த பிறகுதான் கேள்வி கேட்பது நியாயம்.

ஆட்டக்காரர்களுக்கு விதி தெரிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இந்த ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்து இருந்ததன்று. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய முதல் பதிப்பு 1974-இல் மூன்று சிறு நூல்களாக வந்தது. அதை விரித்து கைகாக்ஸ் எழுதிய அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில், 1978-இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் தாக்குதல் பட்டியல்களும் சேவிங் த்ரோ பட்டியல்களும் இல்லை. அவை 1979-இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில்தான் இருந்தன. அந்த நூல் ஆட்டத்தை நடத்துபவருக்கு மட்டுமே உரியது என்றும், அதை வைத்திருக்கும் மற்ற ஆட்டக்காரர் கௌரவமான சாவுக்குக்கூடத் தகுதியற்றவர் என்றும் கைகாக்ஸ் அதன் முன்பகுதியில் எழுதினார். அன்றைய நோக்கில் ஆட்டக்காரர் செய்ய வேண்டியது, தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வது. அதை எண்ணாக மாற்றுவது நடத்துபவரின் பொறுப்பு. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு, போர் விதிகளை ஆட்டக்காரர் நூலுக்குக் கொண்டுவந்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு, திறன்களையும் ஃபீட் எனும் சிறப்புத் தகுதிகளையும் திட்டமிட்டு அடுக்கிப் பாத்திரத்தை வளர்க்கும் முறையை ஆட்டத்தின் மையத்தில் வைத்ததால், விதியை நன்கு அறிந்த ஆட்டக்காரருக்கு அதனாலேயே வலுவான பாத்திரம் கிடைக்கத் தொடங்கியது.

இந்த வரலாற்றை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் குழுவில் இருக்கும் பழைய ஆட்டக்காரர் இருவரும் புதியவர்களைவிட அதிக விதி தெரிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தவற்றில் ஒரு பகுதி வேறு பதிப்பின் விதியாக இருக்கும். புதியவர் தமக்குத் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். பழையவர் தமக்குத் தெரியும் என்று நம்புவதைக் கேட்காமலே செய்துவிடுகிறார், பக்கத்தில் இருப்பவருக்கும் கற்றுக்கொடுத்துவிடுகிறார். மூன்றாம் பதிப்பில் எதிரியின் அருகே நின்று மந்திரம் போட்டால் அந்த எதிரிக்கு இடைத்தாக்குதல் கிடைக்கும்; ஐந்தாம் பதிப்பில் கிடைக்காது, எதிரியின் எட்டும் தூரத்தைவிட்டு நகரும்போதுதான் அந்த இடைத்தாக்குதல் (ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்) வரும். மூன்றாம் பதிப்பில் ஐந்து அடி மட்டும் நகர்ந்தால் இடைத்தாக்குதலிலிருந்து தப்பலாம். ஐந்தாம் பதிப்பில் அப்படி ஒரு சலுகை இல்லை, தாக்குப்படாமல் விலகும் டிஸ்எங்கேஜ் ஆக்‌ஷன் எடுக்க வேண்டும். எதிரியின் இரு பக்கமும் நின்றால் தானாகவே +2 கிடைக்கும் என்பது அந்தக் காலத்து விதி. 2014-இல் அது டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் விருப்பவிதியாக மட்டும், அதுவும் வேறு வடிவில் இருக்கிறது. எதிர்பாராமல் தாக்குபவருக்கான சர்ப்ரைஸ் ரவுண்ட் என்று தனிச் சுற்று ஒன்று ஐந்தாம் பதிப்பில் இல்லவே இல்லை. இருபது விழுந்தபின் கிரிட்டிக்கலை (கூடுதல் சேதம் தரும் அடியை) உறுதிசெய்ய இன்னொரு முறை உருட்டும் பழக்கமும் இல்லை. உங்கள் தேர்வின் முதல் சில கேள்விகளை இந்த வேறுபாடுகளிலிருந்து எடுத்தால், தேர்வு தன் பாதி வேலையை அங்கேயே முடித்துவிடும்.

அடுத்து, எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்க வேண்டாம். மேசையில் அமரும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை உண்மையில் சிலவே: தம் முறையில் நகர்தல், ஒரு ஆக்‌ஷன், கிடைத்தால் ஒரு போனஸ் ஆக்‌ஷன், அடுத்த முறை வரும்வரை எதிர்வினைச் செயலான ஒரே ஒரு ரியாக்‌ஷன் என்ற அமைப்பு, இருபதுமுகப் பகடையுடன் எதைக் கூட்டுவது, எந்த எண்ணுடன் ஒப்பிடுவது என்பது, அட்வான்டேஜும் (இரு பகடையில் பெரியதை எடுத்தல்) டிஸ்அட்வான்டேஜும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது, ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) சுழியத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்பது. இதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் தம் கேரக்டர் ஷீட்டில் (பாத்திர விவரத்தாளில்) இருப்பது முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும். விசார்டு (மந்திரவாதி) ஆடுபவருக்கு ரோக்கின் (மறைந்து தாக்கும் திருடர்) ஸ்னீக் அட்டாக் எனும் கூடுதல் சேத விதி தெரியாவிட்டால் யாருக்கும் நட்டமில்லை; ரோக் ஆடுபவருக்கே அது தெரியாவிட்டால் ஒவ்வொரு சண்டையிலும் ஆட்டம் நிற்கும். ஆகவே பொதுத்தாள் ஒன்றும், ரோக், விசார்டு போன்ற பாத்திர வகுப்புக்கு ஏற்ற தனித்தாள் ஒன்றும் எழுதுவதே சரியான அமைப்பு. மறைப்பு, வெளிச்சம், விழுதல், மூச்சடைப்பு போன்றவை நடத்துபவரின் பொறுப்பில் இருக்கட்டும். நூறு அடி உயரத்திலிருந்து விழுந்தால் எத்தனை பகடை என்று ஆட்டக்காரரிடம் கேட்பது வீண். பத்து அடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை, அதிகபட்சம் இருபது என்பதை நீங்கள் அறிந்திருந்தால் போதும்.

இனி கேள்விகளின் தன்மைக்கு வருகிறேன். என் கருத்தில் இதுதான் உங்கள் கேள்வியின் உயிர்ப்பகுதி. "பிளெஸ் மந்திரத்தின் கால அளவு என்ன?" என்பது நினைவுக் கேள்வி. அதற்கு விடை தெரிந்தவர் மேசையில் சரியாக ஆடுவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. விடை தெரியாதவர் அரை நிமிடத்தில் புத்தகத்தில் பார்த்துக்கொள்வார். அதற்குப் பதிலாக ஒரு நிலைமையைச் சொல்லி, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். எடுத்துக்காட்டாக: கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடும் பாத்திரம்) ஒருவர் தம்மையும் இரு தோழர்களையும் குறிவைத்து பிளெஸ் போட்டு, அதன்மீது கான்சன்ட்ரேஷன் (மந்திரம் நீடிக்கத் தேவையான கவனம்) வைத்திருக்கிறார். எதிரியின் முறையில் இரண்டு அடிகள் அவர்மீது விழுகின்றன. முதல் அடியில் 9 சேதம், இரண்டாவதில் 26. அவர் எத்தனை முறை, எதை உருட்ட வேண்டும், எந்த எண்ணைத் தொட வேண்டும்?

சேதத்தின் ஒவ்வொரு மூலத்துக்கும் தனித்தனியே கான்ஸ்டிட்யூஷன் (உடலுறுதி) சேவிங் த்ரோ உண்டு. தொட வேண்டிய எண் 10 அல்லது சேதத்தில் பாதி, இரண்டில் எது பெரிதோ அது. ஆகவே முதல் அடிக்கு 10, இரண்டாம் அடிக்கு 13. ஆனால் விடை இத்துடன் முடிவதில்லை. பிளெஸ் சேவிங் த்ரோக்களுக்கும் நான்குமுகப் பகடை ஒன்றைக் கூட்டித் தருகிறது. கிளெரிக் தம்மையும் அதில் சேர்த்திருப்பதால், அந்த மந்திரத்தைக் காப்பாற்றும் உருட்டலுக்கே அந்த மந்திரம் உதவுகிறது. முதல் உருட்டலில் தோற்றால் மந்திரம் அங்கேயே முடிந்துவிடும், எனவே இரண்டாவது உருட்டலுக்கு வேலையே இல்லை. ஒரே கேள்வியில் கான்சன்ட்ரேஷன் விதி, பிளெஸின் பயன், நிகழ்வுகளின் வரிசை ஆகிய மூன்றையும் ஆட்டக்காரர் இணைத்துப் பார்க்கிறாரா என்று தெரிந்துவிடுகிறது. மூன்றில் எது அவரிடம் இல்லை என்பதும் விடையிலேயே புலப்படும். "13 ஒரே முறை" என்று எழுதுபவருக்கும் "17 ஒரே முறை" என்று எழுதுபவருக்கும் நீங்கள் விளக்க வேண்டியவை வேறு வேறு. பின்னவர் இரு சேதங்களையும் கூட்டி 35 ஆக்கிப் பாதியாக்கியிருக்கிறார்.

இதே கிளெரிக்கை வைத்தே மேலும் ஒரு கேள்வி எழுதலாம். தம் முறையில் அவர் போனஸ் ஆக்‌ஷனில் ஸ்பிரிச்சுவல் வெப்பன் என்ற மந்திரத்தைப் போடுகிறார். பிறகு ஆக்‌ஷனில் காயம் ஆற்றும் கியூர் வூண்ட்ஸ் போட விரும்புகிறார். 2014 நூலின்படி முடியாது: போனஸ் ஆக்‌ஷனில் மந்திரம் போட்டால், அந்த முறையில் வேறு மந்திரம் எதுவும் போட முடியாது, ஒரு ஆக்‌ஷன் எடுக்கும் கேன்ட்ரிப் எனும் எளிய மந்திரம் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே சேக்ரெட் ஃபிளேம் என்ற கேன்ட்ரிப்பைப் போடலாம், கியூர் வூண்ட்ஸ் போட முடியாது. 2024 நூலிலும் முடியாது, ஆனால் காரணம் வேறு: அங்கே ஒரு முறையில் ஒரே ஒரு ஸ்பெல் ஸ்லாட்டைத்தான் (மந்திரம் போடுவதற்கான ஒதுக்கீடு) மந்திரத்துக்குச் செலவிட முடியும். அதோடு 2024-இல் ஸ்பிரிச்சுவல் வெப்பனுக்கும், ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்துக்கே வைக்கக்கூடிய கான்சன்ட்ரேஷன் தேவைப்படுவதால், அதைப் போட்ட அந்தக் கணத்திலேயே பிளெஸ் கலைந்துவிடும். "முடியாது" என்று மட்டும் எழுதியவருக்கு முழு மதிப்பெண் கொடுக்காதீர்கள்; ஏன் முடியாது என்பதையும் எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் காரணத்தை அறிந்தவர்தான் அடுத்த வாரம் வேறு மந்திரத்துக்கு அதைப் பொருத்துவார்.

ரோக் ஆடுபவருக்கான கேள்வியில் அட்வான்டேஜ் விதியின் நுணுக்கத்தையும் சேர்த்தே பார்த்துவிடலாம். ரோக் தரையில் குப்புறக் கிடக்கிறார், எழவில்லை. அந்த நிலையிலேயே ஷார்ட்போவால் எய்கிறார். குறியோ வெப் மந்திரத்தின் வலையில் சிக்கி ரெஸ்ட்ரெய்ன்டு நிலையில் நிற்கிறது. எய்பவர் இருக்குமிடமும் அதற்குத் தெரியவில்லை. குறியின் பக்கத்தில் ரோக்கின் தோழர் ஒருவர் வாளுடன் நிற்கிறார். குப்புறக் கிடப்பதால் டிஸ்அட்வான்டேஜ் ஒன்று. குறி சிக்கியிருப்பதாலும் எய்பவரைக் காணாததாலும் அட்வான்டேஜ் இரண்டு. இரண்டுக்கு ஒன்று கழிந்து அட்வான்டேஜ் மிஞ்சும் என்று பலர் எழுதுவார்கள். விதி அப்படி எண்ணிக் கழிப்பதில்லை: எத்தனை இருந்தாலும், இரு பக்கமும் ஒன்றாவது இருந்தால் இரண்டுமே இல்லாததாகக் கருதி ஒரே பகடையை உருட்ட வேண்டும். அப்படியானால் ஸ்னீக் அட்டாக் கிடைக்குமா? கிடைக்கும். அட்வான்டேஜ் இல்லாவிட்டாலும், குறியின் இன்னோர் எதிரி ஐந்து அடிக்குள் செயல்படும் நிலையில் இருந்து, எய்பவருக்கு டிஸ்அட்வான்டேஜ் இல்லாதிருந்தால் போதும். இங்கே டிஸ்அட்வான்டேஜ் அழிந்துவிட்டது. தொடர்ச்சியாக இன்னொன்றையும் கேளுங்கள்: அதே சுற்றில், வேறொருவரின் முறையில், ரோக் தம் ரியாக்‌ஷனால் தாக்கும் வாய்ப்பைப் பெற்றால் மறுபடியும் ஸ்னீக் அட்டாக் உண்டா? உண்டு, நிபந்தனைகள் பொருந்தினால். விதி "ஒரு முறைக்கு ஒன்று" என்று சொல்கிறதே தவிர "ஒரு சுற்றுக்கு ஒன்று" என்று சொல்லவில்லை. ரோக் ஆடுபவர்களில் இதை அறியாமல் தம் வலிமையின் ஒரு பங்கை விட்டுவிடுபவர்கள் உண்டு.

சாவைப் பற்றிய கேள்வி பொதுத்தாளில் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனெனில் அந்த விதியைத் தவறாக ஆடினால்தான் உண்மையான மனவருத்தம் வரும். ஒரு பாத்திரம் சுழியத்தில் நினைவிழந்து கிடக்கிறது. உயிர் பிழைப்பதற்கான டெத் சேவிங் த்ரோவில் ஏற்கெனவே ஒரு தோல்வி. பக்கத்தில் நிற்கும் ஓகர் என்ற பூதம் மீண்டும் அடிக்கிறது, அடி விழுகிறது. நினைவிழந்தவரை ஐந்து அடிக்குள்ளிருந்து தாக்கி அடி விழுந்தால் அது கிரிட்டிக்கல். சுழியத்தில் இருப்பவர்மீது விழும் கிரிட்டிக்கல் இரண்டு தோல்விகளாகக் கணக்கிடப்படும். ஆக மொத்தம் மூன்று, பாத்திரம் இறந்துவிட்டது. ஆட்டக்காரர் எல்லாரும் இதை முன்கூட்டியே அறிந்திருந்தால், அந்த ஓகரின் முறை வருவதற்குள் அறுபது அடி தொலைவிலிருந்து ஹீலிங் வேர்ட் போட்டு ஒரு ஹிட் பாயின்டாவது கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றும். அறியாவிட்டால் "இன்னும் இரண்டு தோல்வி இருக்கிறதே" என்று காத்திருப்பார்கள். கதையில் நேசித்து வளர்த்த ஒரு பாத்திரத்தை, விதி தெரியாமையால் இழப்பது நல்ல இழப்பன்று.

எந்தக் கேள்விகளைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். நடத்துபவரின் தீர்ப்புக்கு விதிநூலே விட்டுவிட்ட இடங்களைத் தேர்வில் கேட்கக் கூடாது. எந்தச் சூழலில் ஒருவர் ஒளிந்துகொள்ள முடியும் என்பதை நடத்துபவர் முடிவு செய்வார் என்று நூலே சொல்கிறது. அதற்குச் சரி, தவறு என்று விடைத்தாளில் குறிப்பது உங்கள் கருத்தை விதியாக்குவதாகும். அதுபோலவே, நூலின் சொற்கள் ஒன்று சொல்ல, பெரும்பாலான மேசைகள் வேறொன்று ஆடும் இடங்களும் உண்டு. 2014 நூலில் இன்விசிபிள் (கண்ணுக்குத் தெரியாத) நிலையின் விவரத்தை எழுத்துக்கு எழுத்து வாசித்தால், காணாதவற்றைக் காட்டும் மந்திரம் போட்டுக்கொண்டு உங்களைக் காண்பவருக்குக்கூட உங்களைத் தாக்கும்போது டிஸ்அட்வான்டேஜ் இருப்பதாகவே படும். 2024 நூலில் அந்த வாசகத்தைத் திருத்தி, காண முடிந்தவருக்கு அது பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். மேஜிக் மிசைலின் மூன்று அம்புகளும் ஒரே நேரத்தில் தாக்கும்போது கான்சன்ட்ரேஷனுக்கு ஒரு உருட்டலா மூன்றா என்பதும் பல ஆண்டுகளாக வாதிக்கப்படும் விஷயம். இந்த ஆட்டத்துக்கான டிராகன் இதழில் சேஜ் அட்வைஸ் என்ற பகுதி பல ஆண்டுகள் இத்தகைய ஐயங்களுக்கு விடை சொல்லிவந்தது. ஐந்தாம் பதிப்புக் காலத்திலும் அதே பெயரில் விளக்கங்கள் தொகுக்கப்பட்டன. அங்கிருந்து கேள்வி எடுக்க எளிதாகத் தோன்றும், ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கேள்வி அங்கே போய்ச் சேர்ந்தது என்றால், கவனமாக வாசித்தவர்களுக்கும் நூலிலிருந்து விடை தெளிவாகக் கிடைக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். அத்தகைய இடங்களில் உங்கள் மேசையின் முடிவு என்ன என்று வேறொரு தாளில் எழுதிக் கொடுப்பதே முறை.

கேள்விகளைப் பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வடிவில் எழுதுவதானால், தவறான விடைகளைக் கற்பனையில் புனைய வேண்டாம். மக்கள் உண்மையிலேயே நம்பும் தவறுகளையே அங்கே வையுங்கள். திறன் சோதனையில் இயல்பாக இருபது விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, "தானாகவே வெற்றி" என்ற விடை கட்டாயம் இருக்க வேண்டும், ஏனெனில் அப்படி நம்புபவர்கள் ஏராளம். 2022-இல் சோதனைக்காக வெளியிடப்பட்ட வரைவு ஒன்றில் அப்படியே எழுதியும் பார்த்தார்கள், பிறகு கைவிட்டுவிட்டார்கள். 2014 நூலிலும் 2024 நூலிலும் இருபதுக்குத் தானான வெற்றி தாக்குதல் உருட்டலில்தான். ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட தவறான நம்பிக்கையைச் சுட்டினால், யார் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பார்த்தே அந்த நம்பிக்கை எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்று ஊகித்துவிடலாம்.

இதோடு சிறிய ஏற்பாடு ஒன்றையும் சேர்க்கச் சொல்வேன்; இதன் பயன் மிகப் பெரிது. ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் "உறுதி" அல்லது "ஐயம்" என்று எழுதச் சொல்லுங்கள். ஐயத்தோடு தவறியவரைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆட்டத்தின்போது அவர் கேட்பார், நீங்கள் சொல்வீர்கள். ஐயத்தோடு சரியாக எழுதியவருக்கு ஊக்கம் தேவை. உறுதியோடு தவறியவர்தான் நீங்கள் முன்கூட்டியே பேச வேண்டியவர், ஏனெனில் அவர் மேசையில் கேட்க மாட்டார், செய்துவிடுவார். அதைத் திருத்த வேண்டிய நிலை சண்டையின் உச்சத்தில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வரும். இருபது கேள்விகளில் பதினெட்டு சரியாக எழுதி, மீதி இரண்டில் உறுதியோடு தவறிய ஒருவர், பத்து மட்டும் சரியாக எழுதி மற்ற பத்திலும் ஐயம் என்று குறித்தவரைவிட ஆட்டத்தை அதிகம் நிறுத்தக்கூடும். மொத்த மதிப்பெண்ணைக் கணக்கிட்டு வரிசைப்படுத்துவது இந்த உண்மையை மறைத்துவிடும் என்பதால், நான் மொத்தம் போடவே வேண்டாம் என்பேன்.

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத விடலாமா என்று கேட்டால், தனித்தாளுக்குக் கண்டிப்பாக விடலாம். மேசையிலும் புத்தகம் அருகில்தான் இருக்கப்போகிறது; தேவையான இடத்தை விரைவில் கண்டுபிடிப்பதும் அறிவின் ஒரு பகுதி. நேர வரம்பு மட்டும் வையுங்கள். பொதுத்தாளைப் புத்தகம் இல்லாமல் எழுதட்டும், ஏனெனில் ஆக்‌ஷனுக்கும் ரியாக்‌ஷனுக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு முறையும் புரட்டிப் பார்க்க முடியாது. புத்தகம் வாங்காத புதியவர்களுக்கும் வழி இருக்கிறது: 2014 விதிகளின் அடிப்படைத் தொகுப்பான சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட் 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடப்பட்டது. 2024 விதிகளுக்கான 5.2 தொகுப்பும் 2025-இல் அதே உரிமத்தில் வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், அந்த வாசகங்களை உங்கள் வினாத்தாளில் அப்படியே அச்சிடலாம். ஆனால் புத்தகத்தில் உள்ள துணைவகுப்புகளும் ஃபீட்களும் எல்லாம் அதில் இல்லை என்பதால், கேள்விக்குத் தேவையான விதி அதில் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வைக் குழுவில் சேர்வதற்கான தகுதித் தேர்வாக ஆக்கிவிடாதீர்கள். மேஜிக் தி கேதரிங் என்ற சீட்டாட்டப் போட்டிகளின் நடுவர்களுக்குத் தேர்வு வைப்பதில் நியாயம் இருந்தது, ஏனெனில் அங்கே இருவர் பரிசுக்காக மோதுகிறார்கள், விதி எல்லா மேசையிலும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். இந்த ஆட்டத்திலும், 1980-இல் தொடங்கி இப்போது இல்லாத ஆர்.பி.ஜி.ஏ. என்ற ஆட்டக்காரர் அமைப்பின் ஆட்டங்களில் முடிந்ததுபோல, 2014-இல் தொடங்கிய பொது ஆட்டத் தொடரான அட்வென்ச்சரர்ஸ் லீகிலும் ஒரே பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெவ்வேறு நடத்துபவர்களிடம் போய் ஆட முடியும் என்பதால் பொதுவான விதியறிவுக்கு அங்கே கூடுதல் மதிப்பு உண்டு. வீட்டுக் குழுவில் அந்தத் தேவை இல்லை. புதியவர் இருவரையும் பழையவர் இருவரோடு இணைத்து, இருவர் இருவராகப் பேசி எழுதச் சொன்னால், தேர்வே பாடமாகிவிடும், புதியவர் "ஏன்?" என்று கேட்கும்போது பழையவர் தம் விடையைப் புத்தகத்தில் காட்ட வேண்டியிருக்கும், அங்கே பழைய பதிப்பின் விதி தானாகவே வெளிப்பட்டுவிடும். விடைகளைப் பார்க்கும்போது, ஒரே கேள்வியை ஐந்து பேர் தவறவிட்டிருந்தால் முதலில் உங்கள் கேள்வியையே ஐயப்படுங்கள். நிலைமையில் ஏதோ ஒரு விவரத்தை நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம், அல்லது உங்கள் விடையே பழைய பதிப்பிலிருந்து வந்திருக்கலாம்.

ஒரே தேர்வோடு நிறுத்தவும் வேண்டாம். பாத்திரங்கள் வளரும்போது விதியும் கூடிக்கொண்டே போகும், அதில் ஐந்தாம் நிலை (லெவல்) பெரிய திருப்பம்: போர்வீரர்களுக்கு ஒரே ஆக்‌ஷனில் இரண்டாவது தாக்குதல், விசார்டுக்கு மூன்றாம் நிலை மந்திரங்கள். அந்த நிலையைத் தொடும் அமர்வுக்கு முன்னால் விசார்டு ஆடுபவரிடம் ஃபயர்பால் எனும் தீ வெடிப்பு மந்திரத்தைப் பற்றி ஒரு நிலைமையைக் கொடுத்துக் கேளுங்கள். இருபது அடி ஆரத்துக்குள் எதிரிகள் நால்வரும் தோழர் ஒருவரும் இருக்கிறார்கள். எட்டு ஆறுமுகப் பகடைகளை எத்தனை முறை உருட்ட வேண்டும்? ஒரே முறைதான், சேதம் எல்லாருக்கும் பொது. டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோவை மட்டும் ஒவ்வொருவரும் தனித்தனியே உருட்டுவர், வென்றவருக்குப் பாதி. தோழருக்கு விலக்கு உண்டா? இல்லை, அந்த விசார்டு எவொகேஷன் என்ற மந்திரப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்து, தோழரைக் காக்கும் ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் திறனைப் பெற்றிருந்தாலன்றி. 2014 நூலின்படி அந்தத் தீ மூலைகளைச் சுற்றியும் பரவும், யாரும் அணியாத, கையில் ஏந்தாத எரியும் பொருள்களைப் பற்றவைக்கும். ஆகவே அந்த அறையில் அவர்கள் தேடிவந்த ஓலைகள் மேசைமேல் கிடக்கின்றனவா என்பதையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள்.